ஒரு சைஸ் ஏற்றிப் போட்ட டயர்

டாக்டரம்மா,

இன்று காலை உங்கள் சிவப்பு வண்டி கடைக்கு வந்தது. நீங்கள் இல்லாமல் அது வருவது இதுதான் முதல் தடவை. பெரம்பலூர் பைபாஸில் ஆயிரம் வண்டி போனாலும் அந்த உறுமல் எனக்குத் தனியாகக் கேட்கும். பழக்கதோஷம், எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கதவைத் திறந்து இறங்கியது உங்கள் மகள். போன மார்கழியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் வீடு திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியாததா? மாலையோடு அரியலூருக்கு வந்தவன்தானே நான். இருந்தும் அந்தச் சத்தம் என்னை ஏமாற்றிவிட்டது.

முதன்முதலில் நீங்கள் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டு டாக்டர் ஒருவர், அதுவும் ஒரு பொம்பளை, கோயம்புத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்திருக்கிறார் என்று நாலு நாளாகவே பேச்சு. ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒட்டிய வண்டி. வாரம் முழுக்க ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவருக்கு இது எதற்கு என்று நானும்தான் சிரித்தேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மண்டியிட்டு, சினைமாட்டைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரமாகத் தடவிப் பார்த்தீர்கள். நாலு டயரும் தேய்ந்திருந்தன, மாற்றியே ஆக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 225, 45, 17 என்று இருந்தது. அகலம் 225 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு ரப்பரின் உயரம். உள்ளே பதினேழு அங்குலச் சக்கரம். அதையே போடச் சொன்னீர்கள். நானோ நம் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். சிமெண்ட் லாரி ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த ரோடு, ஊருக்கு மூன்று வேகத்தடை, அதற்குப் பெயிண்ட்கூட அடித்திருக்க மாட்டார்கள். இங்கே எந்தக் கார் வந்தாலும் வயிறு தட்டாமலிருக்க ஒரு சைஸ் ஏற்றிப் போடுவதுதான் முறை. நாற்பத்தைந்துக்குப் பதில் ஐம்பது. நான் இருபது வருஷமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி போட்ட சைஸே இருக்கட்டுமேண்ணே" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னீர்கள்.

"மாட்டுக்கு ஊசி போட நான் வரலையே டாக்டரம்மா. டயர எங்கிட்ட விடுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். நீங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டீர்கள்.

ரெண்டு வாரம் கழித்து வந்தீர்கள். எறையூரிலிருந்து கரும்பு லாரிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கடையில் நல்ல கூட்டம். காற்றடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னை அதன் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், அந்த இரைச்சலுக்குள் மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஏண்ணே, அரியலூரு கிட்ட வந்துருச்சா?"

எனக்கு விளங்கவில்லை. "எங்க வூட்லேர்ந்து ஒங்க கடைக்கு மொதல்ல வந்தப்ப முப்பத்தொண்ணு கிலோமீட்டர் காட்டுச்சு. டயர் மாத்துனப்புறம் முப்பதுதான் காட்டுது. ரோடு சுருங்காதுல்லண்ணே?"

அப்போதும் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை நீங்கள். ஒரு தாளை நீட்டினீர்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கம், பென்சிலில் கணக்கு. ஏற்றிப் போட்ட டயரின் மொத்த உயரம் இருபத்திரண்டு மில்லிமீட்டர் கூடிப்போயிருக்கிறது. ஒரு சுற்றுக்கு அது அதிகத் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. முள் நூறு காட்டும்போது வண்டி நூற்று மூன்றுக்கு மேல் போகிறது. விடையை இரண்டு தடவை சரிபார்த்து டிக் அடித்திருந்தீர்கள். அதோடு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து வளைக்கும்போது முன்பக்கம் கர்ரென்று உரசுகிறது என்றீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் மூடி பளபளவென்று தேய்ந்துபோயிருந்தது. இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தால் டயரின் ஓரமே கிழிந்திருக்கும், அதுவும் வேகத்தில். டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள். "நீங்களே பாத்து மாத்துனதா இருக்கட்டுங்கண்ணே. ஒங்க வாய நம்பித்தான் இத்தன பேரு வராங்க" என்றீர்கள்.

அன்றே பழைய சைஸுக்கு மாற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எறையூர் போய்ச் சேருவதற்குள் கதை கட்டிவிட்டார்கள். வித்த டயரையே தப்பென்று கூப்பிட்டு மாற்றிக் கொடுக்கிற மனுஷன், சைஸ் கணக்கில் அவனை அடிக்க ஆளில்லை என்று. அப்புறம் ஜெயங்கொண்டத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பெரிய பெரிய கார்களெல்லாம் என்னைத் தேடி வந்தன. நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா, மீசையையும் முறுக்கிக்கொண்டேன்.

நீங்களோ மாசத்துக்கு இரண்டு ஞாயிறு வருவீர்கள். வந்ததும் காற்றைத் தொட விடமாட்டீர்கள். வெயில்ல நின்ன மாட்டுக்கு ஜொரம் பாக்கலாமாண்ணே, ஓடி வந்த டயரும் அப்படித்தான் என்பீர்கள். வண்டி ஆறுகிற வரைக்கும் டீ, வடை, கடையில் இருப்பவர்களின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இலவச வைத்தியம். நடுவில் யாராவது புதுச் சக்கரத்தோடு வந்தால் ஓரக்கண்ணால் பார்த்து, அகலம் கூடினால் திருப்புவதற்கு என்ன ஆகும், எடை கூடினால் பள்ளத்தில் என்ன ஆகும் என்று என்னிடம் மட்டும் கேள்வியாகக் கேட்பீர்கள். நான் யோசித்துச் சொல்லும் பதிலை வண்டிக்காரர் கேட்டுத் தலையாட்டுவார். கேள்வி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்படிப் பத்து வருஷம். எப்பேர்ப்பட்ட மனசு உங்களுக்கு!

இன்றைக்கு உங்கள் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். பத்தொன்பது அங்குலம், கறுப்புச் சக்கரம், அதைச் சுற்றி ரிப்பன் மாதிரி ரப்பர். வண்டியை இனி அவள்தான் ஓட்டப்போகிறாளாம். மொத்த உயரத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், மீட்டர் ஏமாற்றாது என்றாள். கணக்குச் சரிதான், உங்கள் பிள்ளையாயிற்றே. ஆனால் நாலு அங்குல ரப்பர் மூன்றாகக் குறையும். நம் ரோட்டில் ஒரு பள்ளத்துக்குத் தாங்காது, சக்கரமே நசுங்கிவிடும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொன்னாள்.

"அம்மா இந்த சைஸ மாத்தவே இல்ல அங்கிள். நீங்க போட்டுக் குடுத்ததுன்னு அவ்ளோ நம்பிக்கை. நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும், ஒப்புக்கொண்டிருப்பாள். கடையில் நாலைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேரும் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். ஆனால் தாயைப் பற்றித் தெரியாமலேயே அந்தப் பெண் தாயின் வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"அது நான் போட்ட சைஸ் இல்லம்மா" என்றேன். "நான் போட்டது தப்பு. ஒங்கம்மாதான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க."

"அம்மாவா?" என்றாள். "அவங்க கலர் புடிச்சுப் போயி வாங்குனாங்கன்னுல்ல நெனச்சேன்."

அடுக்கி வைத்திருந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அழுதாள், நடுநடுவே சிரித்தாள். படத்தை மூடிவிட்டு, மூன்று அங்குல ரப்பர் நம் ரோட்டுப் பள்ளத்தில் என்ன ஆகும் என்று அவளே கேட்டாள். டேப்பை எடுத்து இரண்டு பேரும் அளந்து பார்த்தோம். கடைசியில், "பதினேழே இருக்கட்டும் அங்கிள்" என்றாள்.

அவள் போன பிறகு, வண்டிக்கு டயர் மாற்ற வந்திருந்த வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர், "பெரிய ஆளுங்க அந்தம்மா" என்றார்.

நீங்கள் இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும், டாக்டரம்மா. பத்து வருஷமாக உங்களுக்குச் சேர வேண்டிய சொல் அது. நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.