யானை பார்க்கப் போனேன், அண்ணன்

பாசமுள்ள என் அண்ணனுக்கு,

யானை பார்க்கப் போனேன். சிரிக்க வேண்டாம். காசு கொடுத்து, விமானம் ஏறிப் போய் யானை பார்த்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான். வயலுக்குள் அது தானாக வந்த காலத்தில், அதன் கண்ணில் படாமல் இருக்கத்தானே பாடுபட்டோம்?

எல்லாம் உங்கள் பெறாமகள், என் மகள் மதுராவின் வேலை. எனக்கு அறுபது வயதாகிவிட்டது. டென்மார்க்கில் அறுபது என்றால் சும்மா விடமாட்டார்கள். நாங்கள் இருக்கும் ஹேர்னிங்கில் மண்டபம் எடுத்துச் சோறு போடுவாள் என்று பார்த்தால், கென்யாவுக்கு இரண்டு டிக்கெட்டோடு வந்து நிற்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே யானை என்றால் உயிர்.

நீங்கள் எப்படி இறந்தீர்கள் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. ஊரில் செத்த அண்ணன் என்றால் இங்கே எல்லோரும் சண்டையில் போனதாகவே எடுத்துக்கொள்வார்கள். அவளும் அப்படியே நினைத்தாள். பிள்ளையின் யானைகளைப் பறிக்க எனக்கும் மனம் வரவில்லை.

வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகும் வழியில் ஒரு சோளத் தோட்டம். வேலிக் கயிற்றில் வெறும் பால்மா டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், யானை முட்டினால் சத்தம் கேட்க. அதே வேலை அண்ணன், நாம் செய்த அதே வேலை! ஜீப்பை நிறுத்தச் சொல்லிப் படமெடுத்தேன். டென்மார்க்கின் ரண்டர்ஸ் ஊரிலிருந்து கூட வந்த தம்பதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிங்கம் பார்க்க வந்த இடத்தில் இந்த மனிதன் டின்னைப் படமெடுக்கிறானே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை யானைகள் கூட்டமாக வந்தன. சாரதி ஜீப்பை நிறுத்தினார். எல்லோரும் கமராவைத் தூக்க, நான் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தேன். கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் யானை விரட்டும் வெடியைத் தேடியது. பெரிய யானை ஒன்று பாதையைக் கடந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்று புல்லைப் பிடுங்கித் தின்றது. அழகுதான், அதை மறைப்பானேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது.

“ஜீப்பை ஓடச் சொல்லு பிள்ள,” என்றேன்.

“பயப்படாதீங்க அப்பா, அது பாவம். ஒண்டும் செய்யாது,” என்றாள் டெனிஷில்.

“உன்ட பெரியப்பாவும் அப்பிடித்தான் நினைச்சவர்.”

வாய் தவறித்தான் வந்தது. வந்ததை விழுங்க முடியுமா? மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இரவு வயலுக்கு வேளாண்மைக் காவலுக்குப் போனது, விடிந்தும் வராதது, நானும் மாமாவும் தேடிக்கொண்டு வந்தது, வரம்பில் கிடந்த உங்கள் டோர்ச். யானை தன்பாட்டில் தின்றுவிட்டுப் போய்விட்டது. மதுரா கமராவை மடியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கதைத்தது தமிழில்.

“பெரியப்பாவுக்கு அப்ப எத்தின வயசு?”

“இருபத்தாறு.”

“அப்ப என்னை விடச் சின்னவர்,” என்றாள். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். படத்தில் மட்டும் பார்த்த பெரியப்பாவுக்காக, ஆபிரிக்க வெயிலில், ரண்டர்ஸ்காரி நீட்டிய கைக்குட்டையை வாங்கிக்கொண்டு அழுதாள். உங்களுக்காக அழ இன்னொரு ஆள் இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்தது பிழையா அண்ணன்?

இந்த முறை உங்கள் திவசத்துக்கு அவளும் வருகிறாள். வருகிற சனம் வழக்கம்போல “சண்டையிலயோ?” என்று கேட்கும். இனி நான் பேசாமல் இருக்கமாட்டேன். “இல்லை, வேளாண்மைக் காவலுக்குப் போனவர், யானை அடிச்சது” என்று சொல்வேன். அது உங்களுடைய சாவு. அதை உங்களுக்கே திருப்பித் தருகிறேன், இது சத்தியம்.

உங்களைத் தேடி வரம்பெல்லாம் ஓடிய
உங்கள் தம்பி