மந்திரக்காரியின் குரல்

ஞாயிறு, இரவு.



ஒரு வருடமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு மந்திரக்காரியோடு காடு, மலை, கோட்டை என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் வாள்வீரன். அடிபட்டு விழுந்தால் அவள்தான் மந்திரம் போட்டு எழுப்புவாள். சிங்களத்தில் எழுதித்தான் பேசிக்கொள்வோம். கொழும்பில் யாரோ என்று நினைத்திருந்தேன்.

இன்று சாயந்திரம் பனிமலையில் டிராகன் எனக்குப் பின்னால் இறங்கியது. எழுத நேரமில்லாமல் அவள் மைக்கைத் திறந்துவிட்டாள்.

"அண்ணே, பின்னால பாருங்க!"

என் தங்கை மாலா! மூன்று வருடத்துக்கு முன் அவிசாவளைச் சிங்களப் பையனோடு போனவள். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரை வீட்டில் எடுக்க விட்டதில்லை.

எனக்கு விரல் அசையவில்லை. டிராகன் என்னை எரித்துவிட்டது.

"மாலாவா?" என்றேன்.

அவள் அழுதாள். "ஒங்க கூட்டாளிகிட்ட நீங்க வெளையாடுற பேரக் கேட்டுத்தாண்ணே தேடி வந்தேன். பயத்துல சொல்லல. அம்மா எப்படி இருக்காங்க? அப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருச்சா?"

திரும்பினால் வாசலில் அப்பா. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. பயத்தில் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. இருண்ட திரையையே பார்த்தார்.

"ஏன்டா நிப்பாட்டுன? கொறஞ்சிருச்சுன்னு சொல்லு."

மறுபடி போட்டேன். மாலா போய்விட்டிருந்தாள். அப்பா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

நான் படுக்க வந்துவிட்டேன். அப்பா அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.