விழுந்த கம்பத்தின் அளவுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றே வீட்டு மூலைகளில் இருந்த ஒட்டடையை எல்லாம் கண்டுபிடித்து, இத்தனை காலம் நான் குடித்தனம் நடத்திய லட்சணத்தைப் பற்றி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள். சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்.

இதை மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். ஆனால் உங்கள் துருவ நிலையத்தில் எல்லோரும் உட்காரும் அறையில்தான் கணினி இருக்கிறது. உன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நின்று படிப்பார் என்று நினைத்துக்கொண்டே இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த விமானத்தில் வரும் புது மருத்துவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரி.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று யாராவது கேட்டால் அம்மா இப்போதெல்லாம் அழகாகப் பதில் சொல்கிறாள். "பனி மூச்சு விடறதை இவ மேலேருந்து பாக்கறா, அவன் கீழேருந்து பாக்கறான்" என்கிறாள். அந்தப் பனிப்பாளத்திலிருந்து ஈரம் உருகாமலே காற்றில் கலப்பதையும், காற்றில் வந்த ஈரம் திரும்பப் பனிமேல் படிவதையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் செயற்கைக்கோள் தரவில் பார்ப்பது சரிதானா என்று ஒத்துப்பார்க்க, நீ கம்பத்தில் கட்டிய கருவிகளில் அளந்து அனுப்புகிறாய். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சூரியனே எழாத போன இருட்டுக் காலம் முழுக்க இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். புயல் நாட்களில் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனிமேல் நிறையப் படிகிறது என்றது செயற்கைக்கோள். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்றன உன் அளவுகள். எங்கள் பிரிவில் ஒரு பெண் எதைச் சொன்னாலும் கேள்வி கேட்கிறாள் என்று நான் சொல்லப்போய், நீ அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்தாயே, அவள்தான் கூட்டத்தில் எழுந்து, "செயற்கைக்கோளைத் திருத்தறதுக்கு முன்னாடி கம்பத்தை ஒரு தரம் சரிபார்த்துடலாமே மேடம்" என்றாள். "கம்பத்தைப் பார்த்துக்கறது என் தம்பி" என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அந்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மேகம் செயற்கைக்கோளை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டி, உன் அளவுக்குத் தக்கபடி அதன் அளவைக் குறைத்தேன். முடிவுகள் வெளியாயின. கடல் மட்டத்தைக் கணக்கிடுகிறவர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டார்கள்.

சில வாரங்களுக்கு முன் சந்தேகம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரேடார் செயற்கைக்கோள் எடுத்த உங்கள் நிலையத்துப் படங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். மேலிருந்து அடையாளம் தெரிவதற்காகக் கம்பத்தின் உச்சியில் ஓர் உலோகத் தகடு பொருத்தியிருக்கிறோம் அல்லவா, அது படத்தில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இருட்டுக் காலத்தின் முதல் புயலுக்குப் பிறகு எடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. அதற்கு அடுத்ததில் இல்லை. எதிலுமே இல்லை.

தகடு மட்டும் கழன்று விழுந்திருக்கும் என்றேன். உனக்காக எவ்வளவு வேகமாக ஒரு காரணம் கிடைத்தது பார். அன்று சாயங்காலமே உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சிரித்தாய். "கம்பம் கல்லு மாதிரி நிக்குதுக்கா. காலைலகூடப் போய்ப் பனியைத் தட்டிட்டு வந்தேன்" என்றாய். அவ்வளவுதான், என் பாரம் இறங்கிவிட்டது. சந்தேகத்திடம் போய்க் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டும் வந்தேன்.

பல்வலி தாங்காமல் முன்கூட்டியே ஊர் திரும்பினாரே, உங்கள் சமையல்காரர், அவர் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். வீங்கிய கன்னத்தோடு உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அம்மா தேநீர் போட உள்ளே போன நேரத்தில், எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற நினைப்பில், "பாவங்க உங்க தம்பி. அந்தக் கம்பம் விழுந்ததிலேருந்து வெளியிலயே போறதில்ல. சாப்பாட்டைக்கூட ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்த மனிதர் முன்னால், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

மறுநாள் அலுவலகத்தில் உன் அளவுகளை அதற்கு முந்தைய வருடத்து அளவுகளோடு வைத்துப் பார்த்தேன். ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது, பழைய எண்களையே எடுத்து ஆங்காங்கே கொஞ்சம் தட்டிக் கொட்டியிருக்கிறாய். மாறியிருக்கும் இடங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. நான் போனில் உன்னிடம், இந்த மாதம் லேசாகத்தான் படியும் என்று நினைக்கிறேன் என்பேன். அடுத்து வரும் அளவில் லேசாகப் படிந்திருக்கும். இனிமேல் ஈரம் வெளியே போகத் தொடங்கும்டா என்பேன். உடனே போகத் தொடங்கியிருக்கும். நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று என் வாயாலேயே கேட்டு வாங்கி, அதையே அளவென்று எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். எண்கள் வந்ததும் "சொன்னேனே, இப்படித்தான் இருக்கும்" என்று குதித்தேனே, அப்போதெல்லாம் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

கம்பம் விழுந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் காற்றுக்கு எதுவும் விழும். இருட்டில் வெளியே போகப் பயந்தாய் என்றால் அதிலும் குற்றம் இல்லை. நானாக இருந்தால் போர்வைக்குள்ளிருந்தே எழுந்திருக்க மாட்டேன். விழுந்துவிட்டது அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்காகத்தான் செய்தேன் அக்கா என்று மட்டும் பதில் எழுதாதே. அதை என்னால் தாங்க முடியாது.

முந்தாநாள் கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிட்டேன். முடிவுகளைத் திரும்பப் பெறுகிறோம், கம்பத்தின் பெயரில் வந்தவை அளந்த எண்கள் அல்ல என்றேன். அனுப்பியது யார் என்று இயக்குநர் கேட்டார். அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். என் தம்பி என்றேன். எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்ன சொல் அது.

சந்தேகத்திடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் குத்திக்காட்டவில்லை. "செயற்கைக்கோள் அளவை முதல்லேருந்து போட்டுப் பார்க்கலாம் மேடம்" என்று தன் கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டாள். திருத்தாத அளவில் அந்தப் புயல்கள் எவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன என்று இப்போது பார்க்கிறோம். என் கண்ணெதிரேதான் இருந்திருக்கின்றன.

உன் தரப்பு விளக்கத்தை இயக்குநர் கேட்டிருக்கிறார். உனக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீயே எழுது. வேலை போகலாம். போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ வந்து உன் வாயால் சொல். புதுக் கண் வந்ததிலிருந்து அவள் உன் கடிதங்களைத் தானே படிக்கிறாள். குளிர் பழகிவிட்டது, தினமும் நடக்கிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று நீ எழுதிய வரிகளை எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறாள். நான் அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொள்கிறேன். அவற்றில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்மேல் எனக்குள்ள கோபம் சீக்கிரம் தீராது. தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனாலும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அது ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும்.

உன்
அக்கா