அறுத்தெடுத்த கம்பிகள்

அன்புத் தம்பிக்கு,

ஊரே உன்னைச் சாமியார் என்கிறது. அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் மாதா கோவிலைக் கட்டியவர்கள் சுவருக்குச் சுவர் குறுக்கே இரும்புக் கம்பிகள் போட்டது அலங்காரத்துக்கு அல்ல. கல் வளைவுகள் சுவர்களை வெளியே தள்ளும். கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். புதுப் பீடத்தை மறைக்கிறதென்று போன வருடம் நீ அவற்றை அறுத்தெடுத்தாய். அதன்பின் விழுந்த விரிசலின் குறுக்கே நான் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு நேற்று உடைந்திருந்தது. சுவர் நகர்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நேற்றே நேரில் வந்து சொன்னதும் சிரித்தாய். "அக்கா, உனக்குச் சாமி மேலயும் நம்பிக்கை இல்ல, சுவர் மேலயும் நம்பிக்கை இல்ல. தாத்தா காலத்துலேருந்து நிக்குது!"

"கம்பியோட நின்னுதுடா."

"ஞாயித்துக்கிழமை ஆயர் வர்றாரு. கோவிலப் பூட்டிட்டு எந்த மூஞ்சிய வச்சிட்டு நிப்பேன்?"

பள்ளி மைதானத்தில் நாற்காலி போடு. பழியை என் தலையில் கட்டு. நாத்திக அக்கா மிரட்டினாள் என்று சொல், ஆயர் நம்புவார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் நீ பூட்டாவிட்டால் நகராட்சியில் சொல்லிவிடுவேன். அவர்கள் வந்து பூட்டுவார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். அப்புறம் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். அம்மாவும் போனபின் எனக்கென்று இருப்பது நீ ஒருவன்தான், யோசித்துத்தான் எழுதுகிறேன்.

விரிசல் விட்ட வளைவு பீடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. பூசை முழுக்க அதன் கீழே நிற்கப்போவது நீ.

அக்கா