படலையில் போன ஒன்றரை மணித்தியாலம்

மாசி 8, ஞாயிறு

காலையில் நல்ல பனி. இவர் நேற்று வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டுக் குளிக்காமல் படுத்தார். தலையணையில் இன்னும் அந்த நாற்றம்.

நாளைக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். கருப்பைக்குள் விந்து விடுவது, மூன்றாம் தரம். டொக்டர் இதோடு சரி என்றார். பிறகென்றால் கொழும்புதான்.

நர்ஸ் சொன்னவை, மறக்காமல்:
- ஊசி போட்டாயிற்று. நாளை காலை முட்டை வெடிக்கும்.
- இவருடையதைப் போத்தலில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். பிந்தினால் செத்துப்போகுமாம்.
- குளிர் படக்கூடாது. உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும்.
- என் வயது 38. அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது.

இரண்டாம் தரம் தங்கியது. ஐந்தாம் மாதம் போனது. பெட்டைப் பிள்ளை. ஆசுபத்திரியில் முகம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

மாசி 9, திங்கள்

ஏழு இருபதுக்கு எடுத்துத் தந்தார். உடுப்பிட்டியில் இருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். நேரம் காணும். வாசல் படலையில் மாமி இவரை மறித்தார்.

"ராகு காலம் துடங்கப்போகுது. ஒன்பது மட்டும் வெளிக்கிடாதை, தம்பி."

"ஒரு மணித்தியாலத்துக்குள்ளை எண்டு நர்ஸ் சொன்னவ, மாமி."

"போனமுறை நேரம் பாராமப் போய்த்தானே அந்தப் பிள்ளை தங்கேல்லை."

செத்த பிள்ளையை இழுக்க வாய் கூசவில்லை. இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தாயிடம் தேத்தண்ணி கேட்டார். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை.

"உந்தப் போத்தலை உள்ளை கொண்டு வராதை பிள்ளை, சாமியறை இருக்கு," என்றார் மாமி.

போத்தலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தேன். ஒன்பது மணிவரை.

கிளினிக் போகும்போது ஒன்பது ஐம்பது. நர்ஸ் இவரிடம் கேட்டார்.

"எத்தினை மணிக்கு எடுத்தது, அண்ணை?"

"ஒன்பதுக்கு."

கண் வெட்டாமல் சொன்னார். நானும் வாய் திறக்கவில்லை. சொன்னால் இன்றைக்குச் செய்யாமல் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவரை விட என்னில்தான் அருவருப்பு.

விந்தைக் கழுவிப் பார்த்துவிட்டு டொக்டர், "ஓடுறது குறைவாக் கிடக்கு, பாப்பம்." பிறகு மெல்லிய குழாய். இரண்டு நிமிடம்.

மாசி 15, ஞாயிறு

மாமி பப்பாசி மரத்தைத் தறிப்பித்தார். நான் பழத்துக்குக் கை நீட்டிவிடுவேனாம். பால் வடிந்து முற்றம் முழுக்க இலையான் மொய்த்தது.

மாசி 23, திங்கள்

விடிய இரத்தம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாமி மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவிடம்: "நான் மறிச்சபடியாத்தான் நல்ல நேரத்திலை போனவை. இந்தமுறை பாருங்கோவன்."

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இருந்தேன். ஓங்காளித்தது. குசினி வாசலிலேயே சத்தி.

மாமி ஓடிவந்து முதுகைத் தடவினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "தம்பி, இஞ்சை ஓடியா. பிள்ளை சத்தி எடுக்கிறாள்." என் வாயில் போடச் சீனி எடுக்க உள்ளே ஓடினார்.

இவர் வந்து நின்றார்.

"காலமை வந்திட்டுது," என்றேன்.

நிலத்தைப் பார்த்தார். "அம்மாட்டை நீரே சொல்லும்."