மூன்றாவது புளியமரம்

சார்,

இன்று காலை கூரியரில் உங்கள் கேசட் திரும்பி வந்தது. உறையைப் பிரித்ததும் பழைய டேப்பின் அந்தப் புளித்த வாடை. மேலே உங்கள் கையெழுத்து: 'கரியாலூர் பஸ். அழிக்காதீர்கள்.' அழித்தவள் நான்தான், சார். நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் இதைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம். பஸ் இல்லை, வடக்கனந்தலில் நம் பள்ளிக்கும் லீவு. நீங்கள் கணக்கு வாத்தியார், நான் தமிழ் டீச்சர். பள்ளியின் ஒரே கம்ப்யூட்டர் இருந்த அறையின் சாவி உங்களிடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் வைத்ததே நான்தான். அந்த வாரம் பூராவும் அதன் முன் உட்கார்ந்து ஒரு விளையாட்டை எழுதினீர்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூருக்கு ஒரு பஸ் போக வேண்டும், வழியில் மரங்கள். கரியாலூரில் அம்மா காய்ச்சலில் கிடக்க, போக வழியில்லாத மனுஷர் வேறென்ன எழுதுவார்?

ஆடிப் பார்த்தது நான் ஒருத்திதான். இரண்டு மரங்களைச் சுற்றிப் போய்விட்டேன். மலையடிவாரத்தில் கிடந்த மூன்றாவது புளியமரம் மட்டும் அசையவில்லை.

"இத்த எப்டி சார் தாண்டறது?"

"தாண்ட முடியாது டீச்சர். எறங்கிக் கேளுங்க."

"யார?"

"வெட்டனவங்களத்தான். அவங்களுக்கும் அம்மா இருக்காங்க இல்ல?"

இங்கிலீஷ் எழுத்தில் 'அண்ணே, வழி விடுங்க' என்று அடித்தேன். மரம் நகர்ந்தது. மறுநாள் காலை நீங்களே அப்படிக் கிளம்பிப் போனீர்கள். "கேட்டுக்கினே போனேன், எல்லாரும் வுட்டுட்டாங்க டீச்சர். ஒருத்தர் சைக்கிளே குடுத்தாரு" என்று திரும்பி வந்து சொன்னீர்கள். அந்த ஒருத்தர் என் அண்ணன். மரம் வெட்டப் போனவன் அன்று சாயந்திரம் நடந்து வீடு வந்தான்.

உங்கள் அம்மா அந்த வருஷமே போய்விட்டார். மாற்றலாகிப் போகும்போது அந்த விளையாட்டைப் பதிந்திருந்த கேசட்டை என்னிடம் கொடுத்தீர்கள்; அந்தக் கம்ப்யூட்டர் எதையும் பாட்டு கேசட்டில்தானே சேமிக்கும். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று அதன் பின்பக்கத்துப் பல் இரண்டையும் உடைத்திருந்தீர்கள். "உங்க வூட்லயே இருக்கட்டும். என் ரூம் ஒழுகுது."

என் கல்யாணத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, பதிய வெறும் கேசட் இல்லை. பல் உடைந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்து நானே உங்களுடையதைப் போட்டேன். விளையாட்டுதானே, அந்தக் கம்ப்யூட்டரும் பழுதாகிப் போயாச்சு, இனி யார் ஆடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பல வருஷம் கழித்து நீங்கள் ஓய்வுபெற்ற விழாவில் கேட்டீர்கள்: "டீச்சர், நம்ம பஸ் இருக்குதா?"

"பத்திரமா இருக்குது சார்."

"அப்ப எங்கம்மாவும் பத்திரமா இருக்காங்க" என்று சிரித்தீர்கள். அந்தப் பொய்யைச் சொன்ன வாயை அன்றே கிள்ளியிருக்க வேண்டும்.

பழைய வீடியோ கேம்களையும் ஓலைச்சுவடி மாதிரி காக்க வேண்டும் என்று சென்னையில் ஒரு குழு தேடிக்கொண்டிருப்பதாகப் பேப்பரில் படித்துத்தான் கேசட்டை அனுப்பினேன். முன்பாதி முழுக்க நாதஸ்வரம், மூன்றாவது மரம் வரைக்கும் போய்விட்டது, அதற்குப் பிறகு மலைப்பாதை அப்படியே இருக்கிறது என்றார்கள். "போன பாதி உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களாம்மா?" என்று கேட்டார்கள். இருந்தது, சார். ஒவ்வொரு மரமும், மூன்றாவதை நகர்த்திய வார்த்தையும். நான் சொல்லச் சொல்ல எழுதிச் சேர்த்தார்கள். 'இவ்வளவும் டீச்சரின் நினைவிலிருந்து' என்று குறிப்பும் வைத்திருக்கிறார்கள்.

கேசட்டோடு வந்த பென் டிரைவை மகளின் லேப்டாப்பில் போட்டேன். 'அண்ணே, வழி விடுங்க' என்றேன். பஸ் மலையேறி உங்கள் வீட்டு வாசலில் நின்றது. 'வந்துட்டியா? சாப்ட்டியா?' என்று அம்மா கேட்டார். அந்தக் காலத்தில் நான் எப்போதும் 'சாப்ட்டேன்' என்றே அடிப்பேன், ஆட்டம் முடிந்துவிடும். இன்று முதல்தடவையாக 'இல்லம்மா' என்று அடித்தேன்.

'ஒக்காரு, சோறு போடறேன்' என்றார்.

அழித்தவள் என்று தெரியாமல், சார்.