கீழே நின்று கூப்பிடுகிறவன்

அன்பு மகள் சிஹோவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், பூனைகூட நன்றாகச் சாப்பிடுகிறது. மலைக்கு நடுவில் இருக்கும் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் ஊதுபத்தி வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். அம்மா உனக்குக் காய்ந்த ஹிஜிகி பாசி அனுப்பியிருக்கிறாள், ஊற வைக்கும்போது ஒரு கைப்பிடி போதும், போன தடவை மாதிரி மூட்டையை அப்படியே கவிழ்த்துப் பாத்திரம் பொங்கிவிட்டது என்று எங்களைத் திட்டாதே. அம்மாவுக்கு வலது காதில் குத்தல். கொஞ்ச நாள் கடலில் இறங்காதே என்று டாக்டர் சொன்னார், இவளும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டு மறுநாளே கடலில் மூழ்கி மடி நிறைய அவாபி சிப்பியோடு ஏறினாள். படகில் அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பேச்சை என்றைக்குக் கேட்டாள், டாக்டர் பேச்சைக் கேட்க.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கு ரியோஹெய்யைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், நம் துறைமுகத்துக் கடையில் ஸ்கூபா கற்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். ஒரே நாளில் முடியும் அறிமுக வகுப்பா, நாலு நாள் அடிப்படை வகுப்பா என்று கேட்டுவிட்டு, ரியோஹெய் ஏற்கனவே கற்றவன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் போதும், அதனால் அறிமுக வகுப்புக்கே பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீயே பதிலும் எழுதிவிட்டாய். கட்டிக்கொள்ளப் போகிற பையன் மேல் உனக்கு நம்பிக்கை இருப்பது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வகுப்பின் பெயர் அழகாக இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அந்தக் கடை வைத்திருக்கும் ஹயாஷிதா நகோயாவிலிருந்து வந்த பையன். ரொம்ப நல்லவன், துறைமுகத்துக் குப்பையைக்கூடக் குனிந்து பொறுக்குவான். வகுப்புக்கு ஊர்ப்பேச்சில் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கூட என்பதற்கு ஒரு சொல், மூழ்குவது என்பதற்கு ஒரு சொல், யாரிடமோ கேட்டு இரண்டையும் தானே ஒட்டி, தோமோகாசுகி என்று நீலப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிவிட்டான். கூடவே மூழ்கலாம் வாங்க என்று அதற்கு அவன் நினைத்த அர்த்தம். உனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும், உன் மேல் தப்பில்லை. கடலில் இறங்கும் பெண்கள் தங்களுக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. நீ படிப்பு, வேலை என்று போன பெண், உனக்கு எதற்கு என்று நாங்களும் சொல்லவில்லை. தனியாக மூழ்கும்போது கீழே உன்னை மாதிரியே இன்னொருத்தி நிற்பாள், அதே உடுப்பு, அதே உடம்பு, கையில் பெரிய சிப்பியை வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிடுவாள், நீ ஒரு ஆள் ஆழம் போனால் அவள் இரண்டு ஆள் ஆழம் போவாள். அவளுக்குத்தான் அந்தப் பெயர். பலகையைப் பார்த்த ஃபுசாஎ அத்தை அம்மாவிடம் ஓடி வந்து, "எமன் பேர எழுதி மாட்டிட்டு, கீழ 'எல்லாரும் வாங்க'ன்னு வேற எழுதியிருக்கான்டி"ன்னு தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பெண்கள் அந்தக் கடை வழியாக நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இத்தனை வருஷம் படகில் உட்கார்ந்து அம்மாவின் கயிற்றைப் பிடித்தவன் நான், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தலையை விட்டுப் பார்த்ததில்லை. எந்த வகுப்பு நல்லது என்று அம்மாவையே கேட்டேன். "காத்த முதுகுல கட்டிக்கிட்டு எறங்குறவளுக்கு நான் என்னத்தச் சொல்ல, நீயே போய்ப் பாத்துட்டு வாய்யா"ன்னு கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள். சரி, மகளுக்காக இதுகூடச் செய்யமாட்டோமா என்று வீம்புக்கு நானே போய் அறிமுக வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. என் இடது கால் சங்கதி உனக்குத் தெரியும், விரல்கள் போனதிலிருந்து அந்தக் காலுக்குச் சின்ன அளவுதான் சேரும். ஹயாஷிதா தேடித் தேடி, காலில் மாட்டும் ரப்பர் துடுப்பில் இடதுக்கு நீலமும் வலதுக்கு மஞ்சளும் கொடுத்தான். கோமாளி மாதிரி இருக்கிறேனா தம்பி என்று கேட்டேன், "மீனுங்க பாத்துச் சிரிக்கட்டும் ஐயா"ன்னான். ஆழத்தில் காது அடைத்தால் எப்படி விடுவித்துக்கொள்வது, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு எப்படி மூச்சு விடுவது என்று கரையிலேயே காட்டினான். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நான் கைகாட்டும் பக்கம் வந்தால் போதும் என்றான். அவ்வளவுதான் அறிமுக வகுப்பு.

உள்ளே போனதும் பயம் போய்விட்டது, சிஹோ. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. பாசிக்காடு அசைகிறது, வெயில் உள்ளே வருகிறது, இத்தனை காலம் இதைப் பார்க்காமல் போனோமே என்று மனசு இளகிவிட்டது. எனக்கு முன்னால் ஹயாஷிதா நின்று, உள்ளங்கையைக் கீழே வைத்து வா வா என்று கூப்பிட்டான், போனேன். கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி கூப்பிட்டான், போனேன். கருப்பு உடுப்பும் கண்ணாடியும் மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே ஆள்தானே, நான் முகத்தைப் பார்க்கவில்லை. பாறை முடிந்து கீழே இருட்டாக இறங்கும் இடத்தில் அவன் நின்றுகொண்டு என் பக்கம் கையை நீட்டினான், கையில் தட்டு அகலத்துக்கு ஒரு அவாபி. வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்கிறான் போல, கெட்டிக்காரன் என்று நானும் கையை நீட்டினேன். விரல் படுவதற்குள் முதுகுச் சிலிண்டரைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். திரும்பினால் ஹயாஷிதா. கண்ணாடிக்குள் கண் பிதுங்க, கட்டை விரலை மேலே காட்டினான். சபாஷ் என்கிறான் என்று நானும் கட்டை விரலைக் காட்டினேன். மேலே போகலாம் என்று அர்த்தமாம்.

படகில் ஏறியதும், ஏன் தம்பி, அந்த இன்னொரு ஆளைக் கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டாயே என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. "ஐயா, இன்னிக்கு வந்ததே நீங்க ஒருத்தர்தான். எறங்குனதுலேருந்து உங்க பின்னாலதான் இருந்தேன், சிலிண்டரப் பிடிச்ச கைய எடுக்கவே இல்ல. நீங்கதான் என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போனீங்க, இந்த வயசுல இவ்வளவு பலமான்னு நெனச்சேன்"ன்னான். அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் மூச்சுக் குமிழிகள் கொடகொடவென்று மேலே போய்க்கொண்டிருந்தன. முன்னால் நின்றவன் தலைக்கு மேல் ஒரு குமிழிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மீனை அரிந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, "கால்ல என்ன போட்டிருந்தான்?"னு கேட்டாள். யோசித்துப் பார்த்துச் சொன்னேன், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள் என்று. சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, அது என் காலில் இருந்த ஜோடி. கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப உனக்கும் ஒருத்தன் வந்துட்டான்"னாள். அவளுக்கு உண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டாம். "எனக்கு முதுகு வளைஞ்சா அவளுக்கும் வளையுது. போன வருஷம் எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுதுல்ல, அவ நீட்டுற சிப்பியும் நடுங்குது. பாவமா இருக்கும். ஆனாலும் முகத்தப் பாக்க மாட்டேன், கயித்த இழுத்துருவேன்"னு கடைத்தெருச் சமாச்சாரம் மாதிரி சொல்கிறாள். இவ்வளவு காலமும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ மேலதான இருந்த, உனக்கு எதுக்கு"ன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே போய்ப் பூனையைத் தேடுவது போல நின்றேன்.

ஹயாஷிதா அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டான், அந்தப் பெயரின் அர்த்தத்தைக் கேள்விப்பட்டுப் பெண்களின் கொட்டகைக்கு வந்து நெற்றி தரையில் படக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். பெண்களும் சுட்ட கணவாயைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் கூப்பிட்டது கூப்பிட்டதுதான் என்கிறாள் ஃபுசாஎ அத்தை. அடுத்த வாரம் அவன் அடிப்படை வகுப்பு எடுப்பதை நான் கரையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். இறங்குவதற்கு முன் இரண்டு இரண்டு பேராக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வாரை, காற்றை, குழாயைத் தொட்டுத் தொட்டுச் சோதிக்கிறார்கள். கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது, வாய்க்குழாய் நழுவினால் எப்படித் தேடி எடுப்பது, காற்றே இல்லாவிட்டாலும் பதறாமல் எப்படி மேலே வருவது என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறான். கூட வந்தவரைக் காணவில்லையென்றால் கொஞ்ச நேரம் சுற்றிப் பார், தேடிக்கொண்டு ஆழத்துக்குப் போகாதே, நீ மேலே வந்துவிடு என்று அடித்துச் சொல்கிறான். அறிமுக வகுப்பில் பின்னால் போகத்தான் சொல்லிக்கொடுத்தான். இதில்தான் திரும்பி வரக் கற்றுக்கொடுக்கிறான்.

அதனால் அடிப்படை வகுப்பிலேயே சேர்ந்துவிடு அம்மா. விடுமுறை போதாது என்றால் இந்த வருஷம் கடலே வேண்டாம், வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போ. ரியோஹெய்க்கு வருத்தமாக இருந்தால் நான் பேசிக்கொள்கிறேன். அவன் உன் கையைப் பிடிப்பான், சந்தேகமே இல்லை. கீழே இரண்டு ரியோஹெய் நின்றால் எந்தக் கையைப் பிடிப்பாய், அதைத்தான் நான் கேட்கிறேன். கடலில் இறங்கும் பெண்கள் காவலுக்கு வைத்துக்கொள்ளும், நட்சத்திரமும் கட்டமும் தைத்த துணித்துண்டு ஒன்று பாசிப் பொட்டலத்தில் இருக்கிறது, அம்மா காது வலியோடு உட்கார்ந்து தைத்தது. நீ எந்தக் கடலில் இறங்கினாலும் தலை உறைக்கு உள்பக்கம் அதை வைத்துத் தைத்துக்கொள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கூப்பிடுகிறவன் இப்போது என் உருவத்தில் இருக்கிறான். நான் கூப்பிட்டால் நீ சின்ன வயதிலிருந்தே செருப்புகூடப் போடாமல் ஓடி வருவாய், அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்றுதான் கவலை. நான் இனிமேல் தண்ணீருக்குள் இறங்க மாட்டேன், அம்மா முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். அதனால் கீழே என்னைப் பார்த்தால், எவ்வளவு பாசமாகக் கைநீட்டினாலும், அது நான் இல்லை கண்ணு. முகத்தைப் பார்க்காதே, மேலே வந்துவிடு.

நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல கணவனோடு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, துணியைத் தைக்க மறக்காதே.

மேலே படகில்தான் இருக்கும்,
உன் அப்பா
ஷிகெயோ